அணைக்கட்டைச் சோதிக்க யாருக்கு அதிகாரம்? மலையகத்துக் கேள்விகளும் பதில்களும்

நோர்ட்டன் பிரிட்ஜிலிருந்து: அண்ணே, எங்களுக்கு மேல காசல்ரீ நிக்குது. அந்த அணையை யாரு வந்து பார்க்கிறது?

காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டியவை, மின்சார சபையின் பொறுப்பில் இருந்து வந்தவை. பராமரிப்பும் சோதனையும் அந்தப் பக்கம்தான். கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல மகாவலி அதிகார சபைக்குக் கீழே. வயலுக்குப் பாயும் பெரிய குளங்களில் பல நீர்ப்பாசனத் திணைக்களத்துடையவை. ஆக, அணையை வைத்திருப்பவரே சோதிப்பவரும். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற கதை. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1986 ஏப்ரல் 20இல் கட்டு உடைந்து 120 பேருக்கு மேல் பலிகொண்ட கந்தளாய்க் குளமும் அரசாங்கத்துடையதுதான்.

தலவாக்கலையிலிருந்து: வான்கதவு திறக்க முன்ன சைரன் ஊதுவாங்களா?

ஊதுவார்கள். ஆனாலும் மேலே மழை இருட்டினால் பிள்ளைகளை ஆற்றில் இறங்க விடாதீர்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: எங்க தோட்டத்துல வெள்ளைக்காரன் காலத்து மண்கட்டு ஒண்ணு இருக்கு. அடியில கசியுது, கீழ ரெண்டு லயத்து வீட்டு வரிசை. தோட்டத்துத் துரைகிட்ட சொன்னா சிரிக்கிறாரு.

தம்பி, முதலில் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். மண்கட்டு கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீராய், அளவு கூடாமல் வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். போத்தல் அடியில் மண் படிந்தால், கட்டின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்போது துரையின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. 117க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள், லயத்து ஆட்களை அன்றைக்கே மேட்டுக்கு ஏற்றுங்கள்.

‘கம்பனி காணி, அரசாங்கம் கை வைக்க முடியாது’ என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். கம்பனித் தோட்டங்களில் அநேகமானவை அரச காணி, குத்தகைக்குக் கொடுத்தது. கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அதுவும் அசையவில்லையா, 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொதுமக்களுக்கு ஆபத்தான தொல்லையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம்; மாட்டேன் என்பவர் கோர்ட்டுக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவை நம் தோட்டத் தலைவர்கள் ஏனோ எடுப்பதே இல்லை.

கொத்மலையிலிருந்து: அக்கா கேக்கிறேன், சோதனை அறிக்கையை நமக்குக் காட்டுவாங்களா?

கேட்டால்தான் காட்டுவார்கள் அக்கா. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம். ‘அணை பாதுகாப்பா?’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘பாதுகாப்பு’ என்று ஒரு வரி வரும். கடைசியாக எப்போது சோதித்தீர்கள், என்ன திருத்தச் சொன்னார்கள், அதில் எது முடிந்தது என்று பிரித்துக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோரில் தரும் துண்டைப் பத்திரமாக வையுங்கள், மேன்முறையீட்டுக்குத் தேவைப்படும்.