கல்மரமும் அதன் பெயரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைக்கும் கல்மரங்களுக்கு, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரங்களுக்கு, ‘அரௌகாரியாக்சைலான் அரிசோனிக்கம்’ என்று பெயர் எனப் படித்துக் குறித்து வைத்திருந்தேன். இப்போது அந்தப் பெயரே சந்தேகத்துக்குரியது என்கிறார்கள். இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் எதைத்தான் நம்புவது? கூடவே, இவற்றை ‘ஊசியிலை மரம்’ என்பது சரியா?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஊசியிலையை விடுங்கள். அரௌகாரியா என்ற கூம்பு மர வகையில் பலவற்றுக்கு இலை ஊசியாகவே இருக்காது. சொல் நிலைத்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

‘எதை நம்புவது’ என்றீர்களே, அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. 1889இல் நோல்டன் என்ற தொல்தாவர ஆய்வாளர் சில துண்டுகளைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார். அதன்பின் அங்கே கிடந்த பெரிய கட்டைகளுக்கெல்லாம், அறுத்துப் பார்க்காமலே, அதே பெயர். 1988இல் அது மாநிலத்தின் சின்னமாகவும் ஆயிற்று. 2007இல் சாவிட்ஜ் என்பவர் நோல்டனின் துண்டுகளையே திரும்ப எடுத்துப் பார்த்து, அவை ஒரே இனத்தவை அல்ல என்றார். நூற்றுப் பதினெட்டு வருஷம் கழித்து ஒருவர் மூலத்தைத் தேடிப் போயிருக்கிறார். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது அவரையா, நடுவில் பார்க்காமலே எழுதிக்கொண்டு போனவர்களையா?

இன்னொன்று. ‘சைலான்’ என்றால் கட்டை. அது மரத்தின் பெயரே அல்ல, கட்டையின் பெயர். இலை ஓரிடம், கூம்பு ஓரிடம், தண்டு ஓரிடம் என்று தனித்தனியாகக் கிடைப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைக்கிறார்கள். ஒட்டியபடி கிடைக்கும்வரை மூன்றும் ஒரே மரம் என்று சொல்ல வாய் வராது. இந்தத் தயக்கத்தைத்தான் நீங்கள் தடுமாற்றம் என்கிறீர்கள்.

மாணவனாக இருந்தபோது கல்மரச் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்து வரையச் சொன்னார்கள். 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த கல், வெளிச்சம் ஊடுருவும். செல் சுவரில் தண்ணீர் கடந்துபோகும் விளிம்புக் குழிகள் நெருக்கியடித்து அறுகோணமாக இருந்தால் அரௌகாரியா வகை, விலகி வட்டமாக இருந்தால் பைன் வகை என்று பாடத்தில் இருந்தது. நான் இரண்டு வரிசை அறுகோணத்தை அச்சடித்ததுபோல வரைந்து நீட்டினேன். ஆசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, “இதில் எதுடா கல்லில் இருக்கு?” என்றார். மறுபடி பார்த்தேன். ஒற்றை வரிசை, அதிலும் பாதி சிதைந்திருந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள் கதிர். குறித்து வைக்கிற பிள்ளை நீங்கள், அதனால்தான் இவ்வளவு திட்டு. பழைய பெயரை அடிக்க வேண்டாம். பக்கத்தில் 2007 என்று போட்டு, கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.