கேள்வி-பதில்: குளிரில் கேரேஜ் சாய்தளம்

கே: கேரேஜ் வாசலில் கார் ஏற ஒரு சின்னச் சாய்தளம் போட வேண்டும். இரவில் தண்ணீர் உறைகிற குளிர். 'உறைவு தடுப்பு' என்று ஒரு கேனைக் கடைக்காரர் நீட்டுகிறார். வாங்கலாமா?

ப: கேனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'இறுகலை விரைவுபடுத்தும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அது வேறு, இது வேறு. இந்தச் சரக்கில் பெரும்பாலானவை சிமென்ட்டைச் சீக்கிரம் இறுக வைக்குமே தவிர, கலவையில் உள்ள தண்ணீர் உறைவதைத் தடுக்காது. புதுக் காங்கிரீட் சுமார் 3.5 மெகாபாஸ்கல் (அழுத்தம் தாங்கும் வலிமையை அளக்கும் அலகு) வலிமைக்கு வருமுன் ஒரு தடவை உறைந்தாலே போச்சு. பனிக்கட்டியாகும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து உள்ளிருந்தே பிளக்கும். பிறகு என்னதான் வெயில் அடித்தாலும் வரவேண்டிய வலிமையில் பாதி வரை போய்விடலாம். இன்னொரு வில்லங்கமும் உண்டு. மலிவான கேனில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. கம்பி வைத்திருந்தால் அது துருவைக் கூட்டிக்கொண்டு வரும். கம்பி இல்லாவிட்டாலும் சிமென்ட் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பக்கத்தைப் பார்த்து நான் வாங்கிய கேன் இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது. பெரிய எழுத்தில் ஒன்றும் சின்ன எழுத்தில் வேறொன்றும் அச்சடிப்பவர்களை என்ன செய்தால் தகும்!

அந்தக் காசுக்குத் தடித்த காப்புப் போர்வை வாங்குங்கள். மண் உறைந்திருந்தால் அதன்மேல் கொட்டாதீர்கள். வெந்நீரில் கலக்கலாம், ஆனால் 60 டிகிரிக்கு மேல் வேண்டாம். மட்டம் பார்த்து, வழுக்காமலிருக்க மேலே துடைப்பத்தால் கோடு இழுத்ததும் மூடிவிடுங்கள். ஓரங்களை இரட்டையாக மூடுங்கள். முதலில் உறைவது அவைதான்.

கே: பரப்ப வசதியாக இருக்கட்டும் என்று மூட்டையில் போட்ட அளவைவிடக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். மேலே மாவு மாவாக உதிர்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: கிடைக்காது. அளவைத்தான் மூட்டையிலேயே போட்டிருக்கிறார்களே.

கே: ஒப்பந்தக்காரர் கடுங்குளிரில் சாய்தளம் போட்டார், எதையும் போர்த்தவில்லை. முழுப்பணமும் வாங்கிப் போனார். இப்போது செதில் செதிலாகக் கழன்று வருகிறது. "நீங்கள் உப்புத் தூவியிருப்பீர்கள்" என்கிறார். நான் தூவவே இல்லை.

ப: உங்கள்மேல் தப்பே இல்லை. மேற்பரப்பைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். கோழிக்கால் பதிந்ததுபோல விசிறிக் கோடுகள் தெரிந்தால், ஈரமாக இருக்கும்போதே உறைந்ததன் தடயம் அது. உடனே படம் எடுங்கள். கொட்டிய தேதி, அன்றிரவு பதிவான வெப்பநிலை, ரசீது மூன்றையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். மசியவில்லை என்றால், துளைத்து எடுத்த மாதிரியை அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். "மேலே மெல்லிசாகப் பூசித் தருகிறேன்" என்று சமாதானத்துக்கு வருவார். சம்மதிக்காதீர்கள், கெட்ட அடித்தளத்தில் பூச்சு நிற்காது.

கே: மேலே கூடாரம் கட்டி, உள்ளே கேஸ் ஹீட்டர் வைக்கலாமா?

ப: புகைபோக்கி இல்லாததை வைக்காதீர்கள். அதன் கார்பன் டை ஆக்சைடு இன்னும் இறுகாத புதுக் காங்கிரீட்டின் மேல்தோலை மாவாக்கும். கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்க்கும்.

கே: குளிர் விடும்வரை தள்ளிப்போடலாமா?

ப: தாராளமாக. அதுவரை இரண்டு தடிப் பலகை போட்டு ஏற்றுங்கள்.