“எல்லாம் மனசுதானா டாக்டர்?” நாள்பட்ட வலி: கேள்வி பதில்

நான் உளவியலாளர், நாள்பட்ட வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று நம் சிங்கப்பூர்க் குழுவில் தெரிந்த நாளிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். நான் முனைவர் பட்டம் வாங்கிய டாக்டர்தான், மருந்துச்சீட்டு எழுதும் டாக்டர் இல்லை. எக்ஸ்ரே படம் அனுப்பியவர்கள் மன்னிக்கவும்.

நாலு வருஷமா இடுப்பு வலி. பலதுறை மருந்தகத்தில் உளவியலாளரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் மனசுதான், வலி பொய் என்கிறார்களா? (ஈசூன், 58 வயது அம்மா)

இல்லைம்மா. உங்கள் வலி நிஜம். பிரச்சினை அதைச் சொன்ன விதத்தில். “எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம், இனி அங்கே போங்கள்” என்கிற தொனியில் அனுப்பினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி முதுகுத்தண்டில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது. அந்தக் கதவை அகலத் திறக்கவும் ஒருக்களிக்கவும் மூளையாலும் முடியும் என்றார்கள். பயம், தூக்கமின்மை, கவலை எல்லாம் கதவைத் திறந்துவிடுகின்றன. இருவரில் மெல்சாக் உளவியலாளர். ஆக, நாங்கள் இந்த வீட்டுக்குக் கடைசியில் வந்த விருந்தாளி இல்லை.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில் தனி இடமே உண்டு. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அலறிக்கொண்டே இருப்பது உண்டு. ஆனால் ஒன்று: சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்து வந்தாலோ என் பதிலைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

கோடாலித் தைலம் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். தேய்ப்பதே அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தும்.

எம்ஆர்ஐயில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை) தேய்ந்திருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து குனியவே பயம். டாக்சியும் ஓட்டுவதில்லை. (தெம்பனிஸ், 45)

அண்ணே, இதைக் கேளுங்கள். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதானவர்களில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. நரைமுடி மாதிரிதான். “தேய்ந்துபோச்சு” என்ற சொல் உங்களைப் படுக்க வைத்த அளவுக்கு டிஸ்க் படுக்க வைத்திருக்காது என்பது என் சந்தேகம். பயந்து அசையாமல் இருந்தால் தசை பலவீனமாகும், பிறகு கொஞ்சம் அசைந்தாலே வலிக்கும், பயம் இன்னும் கூடும். பிசியோவிடம் கேட்டு, பயப்படும் அசைவுகளிலேயே மிகச் சின்னதிலிருந்து தொடங்குங்கள்.

அக்கா, நான் ஜேசி (தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டு. உங்கள் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? ஆராய்ச்சி என்றால் தினமும் என்ன செய்வீர்கள்?

படிப்பு சுருக்கமாக: உளவியலில் ஹானர்ஸ், நோயாளிகளைப் பார்க்க மருத்துவ உளவியலில் முதுநிலை, ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம். பத்து வருஷம் ஓடிவிடும். அப்புறம் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுவது, அது திரும்பி வருவது, மறுபடி எழுதுவது. என் முதல் மூன்றும் திரும்பி வந்தன.

இனி சுவாரசியமான பகுதி. ‘வலித் தன்னம்பிக்கை’ என்று ஒரு வினாத்தாள் உண்டு. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் நிக்கலஸ் உருவாக்கியது. 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 60. எவ்வளவு வலிக்கிறது என்று அது கேட்பதே இல்லை. வலி இருந்தாலும் வீட்டு வேலை செய்ய முடியும், நண்பர்களைப் பார்க்க முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்றுதான் கேட்கிறது. தமிழ் பேசும் முதியவர்களிடம் இதை வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தபோது “வலி இருந்தாலும்” என்ற இடத்திலேயே தடுக்கிவிழுந்தேன். ஒரு பாட்டி எல்லாவற்றுக்கும் 6 கொடுத்தார். எனக்கு மகிழ்ச்சி. விசாரித்தால், “வலி இல்லாதப்போ எல்லாம் செய்வேனே” என்கிறார்! அப்புறம் ஆங்கில வினாத்தாளில் வரும் ‘cope’, அதாவது ‘சமாளிப்பது’ என்ற சொல். “பொறுத்துக்குவேன்” என்று பெருமையாகச் சொல்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வேறு, சமாளிப்பது வேறு. ஒரு சொல்லைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது.

மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாத்தாளில் வலியை விவரிக்க 78 ஆங்கிலச் சொற்கள் உண்டு. நம்மிடம் குடைச்சல், குத்தல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, எரிச்சல் என்று போய்க்கொண்டே இருக்கும். உளைச்சலைப் பாருங்கள். கால் உளைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரே சொல். மேலே ஈசூன் அம்மாவுக்கு நான் மூச்சுவாங்க விளக்கியதை நம் பாட்டிமார்கள் ஒரு சொல்லில் வைத்திருக்கிறார்கள்.

சொதப்பலும் சொல்ல வேண்டும். ஒருமுறை பங்கேற்பாளர்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தினமும் மூன்று வேளை வலிக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். இரண்டாவது வாரம் ஒரு மாமா அதை மேசையில் வைத்துவிட்டு, “இதை வாங்கினதிலிருந்துதான்மா வலி ஜாஸ்தி” என்றார். உண்மைதான். நாள் முழுக்க வலியை உற்றுப்பார்க்க நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முன் நல்லா இருந்த ஒரு நாளில் வீட்டைக் கழுவி, முறுக்கு சுட்டு, திரைச்சீலை மாற்றினேன். அப்புறம் நான்கு நாள் படுக்கை. ஒவ்வொரு வருஷமும் இதே கதை.

நல்ல நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது, பிறகு விழுவது. இந்த ஊசலை நிறுத்துவதுதான் சுயமேலாண்மையின், அதாவது வலியை நாமே கையாளுவதன், பாதி. மூன்று நாள், வலி கூடுவதற்கு முன் எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 10, 14, 12 என்றால் சராசரி 12. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, ஏறக்குறைய 10 நிமிடத்தில் தொடங்குங்கள். 10 ஆனதும் உட்காருங்கள், வலிக்காவிட்டாலும். அதுதான் கஷ்டம்; மாவு பிசைந்து பாதியில் விடக் கை வராது. ஒரு வாரம் பழகியபின் ஒரு நிமிடம் கூட்டலாம். மோசமான நாளிலும் முழுக்கப் படுக்காமல் கொஞ்சமாவது நில்லுங்கள். முறுக்கு இரண்டு நாளில் சுட்டாலும் முறுக்குதான்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா? வலி போகுமா?

போகும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சிகிச்சை ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 75 ஆய்வுகளைப் பார்த்தது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் வலி, முடக்கம், மனவேதனை மூன்றிலும் கிடைத்த நன்மை சிறியதுதான். என் துறைக்கு அது பெருமையான செய்தி இல்லை. ஆனால் தேக்கா சந்தைக்கே போகாமல் இருந்தவர் கூடையோடு போய்வந்தால், வலி மதிப்பெண் 7இலிருந்து 6 ஆனது என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை.

காவடி எடுக்கும்போது அலகு குத்தினால் வலிப்பதில்லை. பிறகு ஏன் என் முழங்கால் மட்டும் இப்படி?

மிக நல்ல கேள்வி. இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் படுகாயமடைந்த வீரர்களைக் கவனித்தார். வலிமருந்து வேண்டும் என்றவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். காயம் அவர்களுக்கு ‘உயிர் பிழைத்து வீடு திரும்புகிறேன்’ என்று பொருள்பட்டது என்பது அவர் விளக்கம். காவடிக்கு விரதம் இருக்கிறீர்கள், சுற்றிலும் உறவினர், வாயில் வேல் வேல். பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு முருகன் கோயிலில் முடியும் என்று தெரியும். முழங்கால் வலிக்கு டேங்க் ரோடு இல்லை.

கட்டுமான வேலை. முதுகு வலி. 10 நிமிடத்துக்கு ஒருமுறை உட்காரு என்றால் சூப்பர்வைசர் விடுவாரா?

விடமாட்டார், தம்பி. நாங்கள் எழுதும் கையேடுகள் பெரும்பாலும் தன் நேரம் தன் கையில் இருப்பவருக்கு எழுதியவை. வேலையிடத்தில் அடிபட்டு வந்த வலி என்றால் முதலில் செய்ய வேண்டியது மூச்சுப் பயிற்சி இல்லை. முதலாளியிடம் தெரிவியுங்கள், மருத்துவரிடம் எப்படி அடிபட்டது என்று சொல்லிப் பதிய வையுங்கள். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி விபத்து நடந்து 1 ஆண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். எம்சி (மருத்துவ விடுப்பு) தாள்களைத் தூக்கிப்போடாதீர்கள், கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

மனைவிக்கு வலி. ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, எல்லாம் நானே. சரிதானே?

அன்பு சரி. ஆனால் அவர் முனகும்போது மட்டும் பக்கத்தில் ஓடிவந்து, எழுந்து நடக்கும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். சுற்றியிருப்பவர்கள் எதைக் கவனிக்கிறார்களோ அது வளரும். மாலையில் அவரோடு கீழே இறங்கி புளோக்கைச் சுற்றி நடங்கள். “வலி எப்படி இருக்கு” என்று கேட்காமல் வேறு ஏதாவது பேசுங்கள். காலைத் தேநீரை அவரே போடட்டும். சர்க்கரை கூடினாலும் குடித்துவிடுங்கள்.