பத்து நாளில் குணமாகுமா?

கேள்வி: என் கணவர் பதினான்கு வருடமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கிறது. மாத்திரை, ஊசி இல்லாமல் யோகா, தியானம், மூலிகை மருந்து மூலமே பத்து நாளில் குணமாக்குவதாக ஒரு முகாமில் சொல்கிறார்கள். அனுப்பலாமா ஐயா?
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்தக் காலை நடுக்கம்தான். உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 3, 4-ம் நாளில் புத்தி தடுமாறி உளறலாம். உயிரே போகலாம்.

நான் குடியை விட்ட மூன்றாம் நாள் ராத்திரி, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு எறும்பும் இல்லை! ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஊசி போட்டார்கள், பி1 வைட்டமின் ஏற்றினார்கள். அந்த நிலையில் எனக்குப் பத்மாசனமா போட வரும்?

முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கான அரசு உதவி எண் 14446-க்குப் போன் செய்தும் கேட்கலாம், கட்டணம் இல்லை. அதுவரை நீங்களாகப் பாட்டிலை ஒளித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். மூலிகை மருந்து என்றால் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். அரிஷ்டம் என்று சொல்லும் ஆயுர்வேத திரவ மருந்துகளில் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது, தெரியுமா?

சரி, யோகாவே வேண்டாமா? உடம்பு தேறியதும் தாராளமாகச் செய்யட்டும், டாக்டர் சொல்லும் மருந்தோடு சேர்த்து. என்னைப் படுத்தியது சாயங்காலம் ஆறு மணி. கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்பும். அந்த ஆசை பெரும்பாலும் அரை மணிக்குள் வடிந்துவிடும் என்று மனநல ஆலோசகர் சொல்லியிருந்தார். அதனால் மொட்டை மாடியில் 22 செடித் தொட்டி வைத்தேன். கீழேயிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றி முடிப்பதற்குள் மணி ஆறே முக்கால் ஆகிவிடும். ஐந்து மணிக்கே மனைவி சுண்டல் கொடுத்துவிடுவாள். வெறும் வயிறும் கோபமும் சேர்ந்தால் நான் தாங்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். மூச்சுப் பயிற்சி அப்புறம்தான் வந்தது, தூக்கத்துக்கு நன்றாக உதவியது. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் செவ்வாய்க்கிழமை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தை மட்டும் இன்றுவரை விடவில்லை.

பிறகு எந்த முகாமுக்கு அனுப்புவதானாலும், ராத்திரி 2 மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.