பிள்ளையின் எடை: பெற்றோர் கேள்விகள், குழந்தை மருத்துவர் பதில்கள்

பையனுக்கு ஏழு வயது. சொந்தக்காரர்கள் எல்லாம் "நல்லா புஷ்டியா இருக்கான்" என்கிறார்கள். பள்ளியிலோ எடை அதிகம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். யார் சொல்வதை நம்புவது டாக்டர்?

பள்ளிக்காரர்களை நம்புங்கள், ஆனால் நீங்களும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீட்டெண். பெரியவர்களுக்கான 25 (அதிக எடை), 30 (உடல் பருமன்) என்ற எல்லையெல்லாம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வளர்ச்சி வரைபடத்தில் பார்க்க வேண்டும். உங்களுக்கு பிஎம்ஐ 20 என்றால் சந்தோஷப்படலாம். ஏழு வயதுப் பையனுக்கு அதே 20 வந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடப்படி அது உடல் பருமன்.

இன்னொன்று. ஒரு வயதுக்குப் பிறகு ஐந்து, ஆறு வயது வரை பிஎம்ஐ இறங்குவதுதான் இயல்பு. "பிள்ளை இளைச்சுப் போச்சே" என்று வீடே பதறி, துரத்தித் துரத்தி ஊட்டுவதும் அந்த வயதில்தான். பல வீடுகளில் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மகளுக்குப் பத்து வயது, 140 செ.மீ. உயரம், 45 கிலோ. டயட்டில் போடலாமா? எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?

டயட் வேண்டாம். கிலோ கணக்கையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவள் வளர்கிற பெண். இப்போது பிஎம்ஐ கிட்டத்தட்ட 23. எடை இதே 45-இல் நிற்க, உயரம் மட்டும் 146 ஆனால் 21 ஆகிவிடும். ஒரு கிலோகூடக் குறையவில்லை, பாருங்கள். பருமன் மிகவும் கூடிப்போன பிள்ளைகளுக்கு மட்டும் மெதுவாக எடை குறைக்கச் சொல்வோம், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்.

பிஸ்கட் டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துத் தின்றுவிடுகிறான். திட்டியும் பார்த்தாச்சு.

ஒளித்து வைக்கிற பொருளுக்கு மவுசு ஏறத்தான் செய்யும். 1999-இல் ஃபிஷர், பர்ச் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சின்னப் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்த்தார்கள். கண்ணெதிரே வைத்துக்கொண்டு "இப்போது கிடையாது" என்று தடுத்த தின்பண்டத்தின் மீதுதான் பிள்ளைகளுக்கு ஆசை கூடியது. சரி, அப்புறம் என்னதான் செய்வது? வாங்காதீர்கள். வீட்டில் இல்லாத டப்பாவுக்குக் காவல் தேவையில்லை. ஆசைப்பட்டால் எப்போதாவது எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எலின் சாட்டர் என்ற உணவியலாளர் வகுத்த ஒரு பாகப்பிரிவினை உண்டு. நான் எல்லாப் பெற்றோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: என்ன வேண்டும் என்று அவனைக் கேட்டுவிட்டு, தட்டைக் காலி செய் என்று அதட்டுகிறோம்.

ஒல்லியாக இருக்கிற தம்பிக்கும் இதே சட்டம்தான். அவனுக்கு மட்டும் தனியாகத் தின்பண்டம் போனால் பெரியவன் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வான். அப்பாவின் குளிர்பான பாட்டிலுக்கும் விதிவிலக்கு கிடையாது.

குளிர்பானம் தருவதில்லை, பழச்சாறு மட்டும்தான். அது பரவாயில்லையா?

பழமாகவே கொடுங்கள். சாறு பிழிந்தால் நார் போய்விடும், சர்க்கரை தங்கிவிடும். நான்கைந்து பழங்களின் சர்க்கரை இரண்டே நிமிடத்தில் உள்ளே போகும், வயிறும் நிறையாது. குளிர்பானத்தைக் கேட்கவே வேண்டாம்: 330 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. பிள்ளைகளுக்குச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் பரிந்துரை. தாகத்துக்குத் தண்ணீர்.

வாரம் இரண்டு நாள் நீச்சல் வகுப்புக்கு அனுப்புகிறோம். போதுமா?

நல்லதுதான், ஆனால் போதாது. ஐந்து வயதுக்கு மேல் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். அது வகுப்பாக இருக்க வேண்டும் என்றில்லை, துரத்திப் பிடித்து விளையாடினாலும் கணக்குதான். தூக்கத்தையும் கவனியுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் பசி கூடும். படுக்கையறையில் போன் இருந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

தைராய்டாக இருக்குமோ?

பெரும்பாலும் இல்லை. ஹார்மோன் கோளாறால் குண்டாகும் பிள்ளை பொதுவாக உயரத்தில் பின்தங்கும். உங்கள் பிள்ளை நன்றாக உயர்கிறான் என்றால் அந்தக் கவலை வேண்டாம். கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அதற்கும், தினமும் குறட்டை விட்டு மூச்சு திணறினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளியில் "குண்டு" என்று கூப்பிடுகிறார்களாம். அழுதுகொண்டே வருகிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?

முதலில் முழுதாகக் கேளுங்கள். "அதான் அப்பவே சொன்னேன், குறைச்சு சாப்பிடுன்னு" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் யாரும் அவள் உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது, செல்லமாகக்கூட. கண்ணாடி முன் நின்று உங்கள் தொப்பையை நீங்களே நொந்துகொள்வதும் அவள் காதில் விழுகிறது. கிண்டலால் எடை குறைவதில்லை. ஒளிந்து சாப்பிடும் பழக்கம்தான் வரும்.

பன்னிரண்டு வயது மகன் நாலு நாளாக முழங்கால் வலி என்று நொண்டுகிறான். எடையால்தானே? குறைந்தால் சரியாகிவிடுமா?

காத்திருக்காதீர்கள். எடை கூடிய பிள்ளைகளுக்கு இந்த வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பு மூட்டில் நழுவுவது உண்டு. கோளாறு இடுப்பில், வலி மட்டும் முழங்காலில் தெரியும். இன்றே அழைத்துப் போய் இடுப்புக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.