இரண்டு முனைகளுக்கு நடுவே வைரம் மிதக்கும் மோதிரத்தைத் திருகோணமலையில் செய்விக்கலாமா, கல் விழுந்துவிடாதா?

கல் மிதப்பதில்லை. வளையம் அதை ஸ்பிரிங்போல் இருபுறமும் அழுத்திப் பிடித்திருக்கிறது; இதுவே அழுத்தப்பிடி (tension setting). கல்லின் விளிம்புக்கு அளவெடுத்த மெல்லிய காடி இரு முனைகளிலும் வெட்டப்பட்டிருக்கும். 1979இல் ஜெர்மனியின் நீசிங் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியது.

சூட்சுமம் உலோகத்தில்தான். நம் பத்தர்கள் கைபழகிய 22 கரட் தங்கம் மிருதுவானது. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், திரும்பி அழுத்தாது. கடினமாக்கிய பிளாட்டினக் கலவை, டைட்டானியம், தக்கபடி பதப்படுத்திய 18 கரட் தங்கம் ஆகியவையே இதற்குச் சரி. ஆகவே உள்ளூரில் 22 கரட்டில் செய்து தருகிறோம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்லும் அழுத்தம் தாங்க வேண்டும்: வைரம் தாங்கும்; நம் நாட்டு நீலக்கல்லும் பெரும்பாலும் தாங்கும்; மரகதம் வேண்டவே வேண்டாம்.

வாங்குமுன் மோதிரத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கல்லுக்கு அடியில் இரு முனைகளையும் இணைக்கும் பாலம் தெரிந்தால் அது அழுத்தப்பிடி போலத் தோன்றும் வேறு வகை. அது மட்டமல்ல, 18 கரட்டில் நல்ல பத்தர் ஒருவரால் செய்யவும் முடியும், விலையும் குறைவு.

உண்மையான அழுத்தப்பிடியைப் பின்னர் பெருப்பிப்பதோ சிறுப்பிப்பதோ பெரும்பாடு. வளையத்தை அறுத்தால் பிடியே போய்விடும். விரல் அளவைக் காலையில் ஒருமுறை, சித்திரை வெயிலில் விரல் வீங்கியிருக்கும் மாலையில் ஒருமுறை எடுங்கள். நிலாவெளியில் கடலில் இறங்குமுன் கழற்றி வையுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும். அங்கே கல் மட்டுமல்ல, மோதிரமே போய்விடும்.