ராப் பாடலாம், மேளத்துக்குக் கேட்க வேண்டும்

கேள்வி: என் மகன் படுக மொழியில் ராப் பாடுகிறான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை நாம் எடுப்பது திருட்டு என்கிறான் அவன் நண்பன். இப்போது ஒரு ரிசார்ட், நீலகிரிப் பழங்குடியான கோத்தர்களின் மேளத்தைச் சேர்த்து விளம்பரப் பாட்டு கேட்கிறது. செய்யலாமா?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: தாராளமாகப் பாடட்டும். 1973 ஆகஸ்டில், நியூயார்க்கின் பிராங்ஸில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்திலிருந்துதான் ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப்பின் கதையைத் தொடங்குவார்கள். தன் தெருவைத் தன் பேச்சிலேயே சொல்வது அதன் உயிர். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத கதையைப் படுகில் பாடினால் அது திருட்டாகாது. சங்கிலியும் அமெரிக்க உச்சரிப்பும் மட்டும் என்றால் எனக்குப் பிடிக்காது.

விளம்பரம்தான் உறுத்துகிறது. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்காக டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில நொடி டிரம்ஸை வெட்டியெடுத்து எத்தனையோ ராப் பாடல்கள் சம்பாதித்தன. பாட்டின் உரிமையில் பெயர் இல்லாததால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு ராயல்டி வரவில்லை. குன்னூர்ப் பக்கம் ஹோட்டல் வாசல்களிலும் பார்க்கிறேன்: மேளக்காரரோடு போட்டோ எடுக்கிறார்கள், பெயரைக் கேட்பதில்லை. மனசு கொதிக்கிறது.

கோத்தர் மெட்டுகளில் சாமிக்கு உரியவை உண்டு, சாவுக்கு உரியவை உண்டு. எதைத் தரலாம் என்று கோத்தர் ஊர்ப் பெரியவர்களிடம் உங்கள் மகன் முதலில் கேட்கட்டும். நம் காப்புரிமைச் சட்டப்படி வாசிப்பவருக்கும் 50 ஆண்டு உரிமை உண்டு. அப்புறம், கலைஞர் பெயர், சம்பளம், விளம்பரம் ஓடும் காலம் எல்லாவற்றையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ரிசார்ட் மறுத்தால் அந்த வேலையே வேண்டாம்.